இலவச இயற்கை நூல்கள்: வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் குழு நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘பிள்ளைகளுக்கான பொதுவுடைமை இயற்கை நூல்கள், அத்தனையும் இலவசம்’ என்று தலைப்பு. பொதுவுடைமை என்றால் பதிப்புரிமைக் காலம் முடிந்து, யாரும் அச்சிட்டுப் பகிரக்கூடிய நூல். கீழே வரிசை வரிசையாக இணைப்புகள். பழைய நூல்களை மின்னூலாக்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும் எங்கள் வேலை. அதனால் அந்தப் பட்டியலில் உள்ள புத்தகங்கள் எங்களுக்குப் பழக்கமானவை. நல்ல புத்தகங்கள்தான். பட்டியல்தான் சரியில்லை. எந்த நாட்டுக்கு எழுதியது, எந்த வயதுக்கு, எந்தப் பதிப்பு, இங்கே அச்சிட்டுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறதா, எந்தப் பக்கம் பிள்ளை கைக்குப் போகக் கூடாது என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. இறக்கிய கோப்புகள் போனில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதற்கு அதுதான் காரணம், உங்கள் சோம்பல் அல்ல.

நானூறு புத்தகம் தேவையில்லை, நான்கைந்து போதும். அந்த நான்கைந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நம் ஊருக்குத் திருப்புவது என்பதற்காகவே இந்த மடல்.

பட்டியலின் தலைமாட்டில் எப்போதும் இருப்பது அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக்கின் ‘ஹேண்ட்புக் ஆஃப் நேச்சர் ஸ்டடி’. 1911-இல் வந்தது, 900 பக்கத்துக்கு மேல். நியூயார்க் மாகாணத்துப் பள்ளி ஆசிரியர்களுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்டுவந்த சிறு பாடங்களிலிருந்து வளர்ந்த நூல் இது. இதைப் பிள்ளையிடம் நீட்டி ‘படி’ என்பது முதல் தவறு. இது ஆசிரியருக்கான நூல். உங்கள் வீட்டில் ஆசிரியர் நீங்கள்தான். ஒவ்வொரு பாடத்திலும் முதலில் பெரியவர் படித்துக்கொள்ள ஒரு விளக்கம் இருக்கும். பிறகு பாடத்தின் மையக் கருத்து இரண்டு மூன்று வரியில், அடுத்து செய்முறை, கடைசியில் பிள்ளையிடம் கேட்பதற்கான கேள்விகள். கேள்விகளுக்கு விடை அச்சிட்டிருக்காது. விடையைக் கோழியிடமோ எறும்பிடமோதான் போய்ப் பார்த்துவர வேண்டும். புத்தகத்தின் உயிரே அந்தக் கேள்விகளில் இருக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் போவது இரண்டாவது தவறு. அதில் வரும் பறவைகளில் பெரும்பாலானவை நம் பிள்ளையின் கண்ணில் ஒருநாளும் படப்போவதில்லை. கடலுக்கு இந்தப் பக்கமும் இருக்கும் உயிர்களை மட்டும் பொறுக்குங்கள்: கோழி, புறா, சிட்டுக்குருவி, வீட்டெலி, வௌவால், ஆடு, மாடு, பூனை, எறும்பு, மண்புழு. ஒரு வருடத்துக்கு இதுவே அதிகம். பறவைப் பகுதியே கோழி இறகில்தான் தொடங்குகிறது. உடலை மூடும் ஆடையாக இறகு என்பது முதல் பாடம். அதற்கு வேண்டியது ஒரு நாட்டுக்கோழியின் இறக்கை இறகு ஒன்று, மார்பு இறகு ஒன்று, அடியில் இருக்கும் தூவி ஒன்று, பத்து மடங்கு உருப்பெருக்கும் ஒரு லென்ஸ். இறக்கை இறகின் இழைகளைக் கையால் பிரித்துவிட்டு, கீழிருந்து மேலாக இரண்டு விரலால் நீவச் சொல்லுங்கள். பிரிந்தது ஒட்டிக்கொள்ளும். லென்ஸில் பார்த்தால் இழைக்கு இழை நுண்ணிய கிளைகள் கோத்திருப்பது தெரியும். தூவியில் அதே நீவல் பலிக்காது. ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளை கேட்டால் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள். கேட்காவிட்டால் மறுநாள் இன்னொரு இறகு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

பெயர்கள் வைக்கும் கண்ணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காம்ஸ்டாக்கில் ‘ராபின்’ வரும். இங்கிலாந்துப் புத்தகங்களிலும் ராபின் வரும். இந்தியப் பறவை நூல்களிலும் ‘இந்தியன் ராபின்’ வரும். மூன்றும் மூன்று பறவைகள். அமெரிக்க ராபின் ஏறக்குறைய மைனா அளவு, செங்கல் நிற மார்பு, நீல முட்டை. ஐரோப்பிய ராபின் சிட்டுக்குருவி அளவுதான். நம்முடையது கருஞ்சிட்டு: ஆண் பளபளக்கும் கறுப்பு, தோளில் வெள்ளைத் திட்டு, தூக்கிய வாலின் அடியில் செம்பழுப்பு. கல்லுக் குவியல், சுவர்ப் பொந்து, காலிமனை என்று தரையோடு ஒட்டித் திரியும். மூன்று புத்தகமும் ஒரே அலமாரியில் இருந்தால், வீட்டு வாசலில் நீல முட்டை தேடும் பிள்ளையைத்தான் உருவாக்குவீர்கள். புத்தகத்தைத் திறக்கும் முன் அதில் வரும் ஒவ்வொரு உயிருக்கும் அறிவியல் பெயரைப் பார்த்து, நம் ஊரில் உண்டா இல்லையா என்று பென்சிலில் ஒரு குறி போட்டுவிடுங்கள். உண்டு என்றால் ஊர்ப் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். ஓரிடத்தில் செம்போத்து என்பது இன்னோரிடத்தில் செண்பகம். தவிட்டுக்குருவி யாழ்ப்பாணத்தில் புலுனி. பாட்டி சொல்லும் பெயரை முதலில் எழுதுங்கள், பறவை நூல் சொல்லும் பெயர் இரண்டாவதாக வரட்டும்.

நம்மிடம் இல்லாத உயிரின் பாடம் வீண் என்பதில்லை. உறவுக்காரர் ஒருவர் இங்கே இருந்தால் போதும். காம்ஸ்டாக்கின் மொனார்க் வண்ணத்துப்பூச்சிப் பாடம் இதற்கு நல்ல உதாரணம். மொனார்க் புழு தின்பது பால் வடியும் மில்க்வீட் செடியை. அதே குடும்பத்துச் செடி நம் தெருவோரத்து எருக்கு. அதே பேரினத்துப் பூச்சி வெந்தய வரியன்: ஆரஞ்சு இறக்கை, நுனியில் கறுப்பும் வெள்ளையும். புத்தகத்தில் உள்ள கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டு காலிமனைக்குப் போகலாம். இலையின் அடிப்பக்கத்தில் ஒற்றை ஒற்றையாக, குண்டூசித் தலை அளவில் வெளிறிய முட்டை இருக்கும். புழு கறுப்பு வெள்ளை வரியோடு மஞ்சள் புள்ளி கொண்டது. மொனார்க் புழுவின் உடம்பில் கொம்பு போன்ற கறுப்பு இழைகள் இரண்டு ஜோடி. வெந்தய வரியன் புழுவுக்கு மூன்று ஜோடி. புத்தகத்துப் படத்தையும் எதிரில் இருக்கும் புழுவையும் ஒப்பிட்டு இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அச்சிட்ட புத்தகத்துக்கும் கண்ணுக்கும் முரண் வந்தால் கண்ணை நம்பலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

புழுவை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கிளையில் வண்ண நூல் கட்டி அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு புழுவை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எறும்பும் குளவியும் சும்மா இருக்காது. ஐந்தாறு புழுக்களைப் பின்தொடருங்கள். நன்றாகப் பருத்த புழு திடீரென்று காணாமல் போனால் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கூட்டுப்புழுவாக மாற அது செடியை விட்டு நகர்ந்து, பக்கத்துப் புல்லிலோ வேலியிலோ தொங்கும். நான்கைந்து அடி சுற்றளவில் தேடுங்கள். முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று நான்கு வாரம் ஆகும். எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது, கருவிழியைப் பாதிக்கும். இலையைப் பிள்ளை கிள்ள வேண்டாம், திருப்பிப் பார்க்க ஒரு குச்சி போதும். தப்பித் தவறிக் கண்ணில் பட்டால் நிறைய நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

பிள்ளையே படிக்கத் தோதான நூல் வேண்டுமென்றால் அரபெல்லா பக்லி. சார்லஸ் லையல் என்ற புவியியலாளரிடம் செயலாளராக இருந்தவர். 1901-இல் வந்த ‘ஐஸ் அண்ட் நோ ஐஸ்’ வரிசையில் ஆறு குட்டிப் புத்தகங்கள். ஆங்கிலம் எளிது, அத்தியாயங்கள் சிறியவை. அதில் குளமும் ஆறும் பற்றிய புத்தகத்தை மட்டும் முதலில் எடுங்கள். தவளையும் தட்டானும் நம்மிடமும் உண்டு. ஒரு வெள்ளைக் கிண்ணம், பழைய தேநீர் வடிகட்டி, குளத்துத் தண்ணீர் ஒரு லிட்டர் இருந்தால் தட்டானின் நீர்ப்பருவப் புழு கீழுதட்டை நீட்டி இரை பிடிப்பதையும் பார்த்துவிடலாம். பார்த்ததும் தண்ணீரோடு திரும்பக் குளத்தில் விட்டுவிடுங்கள்.

தார்ன்டன் பர்ஜெஸின் பறவைப் புத்தகம் (1919) பட்டியலில் எல்லாருக்கும் பிடித்தது. முயல் ஒன்று பறவைகளோடு பேசியே பாடம் படிக்கும். முழுக்க அமெரிக்கப் பறவைகள். நம் பிள்ளைக்குத் தகவல் நூலாக இது உதவாது, வடிவத்துக்கு உதவும். இரண்டு அத்தியாயம் வாசித்துக் காட்டிவிட்டு, முயலுக்குப் பதில் அணில், ரென் குருவிக்குப் பதில் தையல்சிட்டு என்று வைத்து ஒரு உரையாடல் எழுதச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால்தான் தையல்சிட்டு எந்த இலையைத் தைக்கிறது, எதை நாராக எடுக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாதது தெரியவரும்.

இனி, பட்டியலில் இல்லாதவை. எங்களுக்கு வருத்தம் இதில்தான். தென்னிந்தியாவைப் பற்றியே எழுதிய, உரிமைக் காலம் முடிந்த நூல்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன, யாரும் பகிர்வதில்லை. டக்ளஸ் டியூவரின் ‘பேர்ட்ஸ் ஆஃப் தி இந்தியன் ஹில்ஸ்’ (1915) நூலின் பெயரைப் பார்த்து இமயமலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் இரண்டாம் பகுதி நீலகிரிப் பறவைகள், மூன்றாம் பகுதி பழனிமலைப் பறவைகள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பகுதிகளை மட்டும் அச்சிட்டுக்கொண்டால் போதும். அதே டியூவரின் வட இந்தியப் பறவை நாட்காட்டியும் (1916) இலவசம்தான், ஆனால் அதை இங்கே பாடத்திட்டமாக வைக்காதீர்கள். சுடலைக் குயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே அது ஆப்பிரிக்காவிலிருந்து பருவமழையோடு வந்து இறங்கும் விருந்தாளி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கும் இனம் உண்டு. வடக்கத்தி மாதத்தைப் பார்த்துக் காத்திருந்தால், கொல்லை முருங்கையில் உட்கார்ந்திருக்கும் குயில் கண்ணில் படாமல் போகும். அமெரிக்கப் புத்தகங்களின் வசந்தம், இலையுதிர்காலத் தலைப்புகளையும் இதே காரணத்துக்காக அடித்துவிட்டு, வேப்பம்பூ எப்போது, புங்கன் எப்போது தளிர்க்கிறது, தூக்கணாங்குருவி எப்போது கூடு பின்னுகிறது என்று உங்கள் ஊர்க் கணக்கை எழுதுங்கள். தமிழ் மாதத்திலேயே எழுதலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் ரங்காச்சாரியாரின் தென்னிந்தியப் புற்கள் கையேடு (1921, சென்னை அரசு அச்சகம்). உரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பெர்க் தளத்தில் மெய்ப்புப் பார்த்த பிரதியே கிடைக்கிறது. புல்லின் பாகங்களை விளக்கும் தொடக்க அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு, ஒரு அருகம்புல் பூங்கதிரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் விரித்தது போல நான்கைந்து கதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். அதே காலக்கட்டத்தில் சென்னை அரசு அச்சகம் போட்ட இன்னொன்று, ஃப்ளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் (1914). பயிர்ப் பூச்சிகள் பற்றியது, விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு புதையல். மருந்தடிக்கும் பகுதிகளை மட்டும் தாண்டிவிடுங்கள். அந்தக் காலத்துப் பூச்சிமருந்துகளில் ஈயமும் பாஷாணமும் உண்டு.

ஃபாபரைச் சொல்லாமல் விட்டால் பூச்சிப் பிரியர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். ஜான் ஹென்றி ஃபாபர் 1915-இல் இறந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய சாணி வண்டும், சில்வண்டும், மண்கூடு கட்டும் குளவியும் நம் வீட்டுச் சுவரிலேயே உறவினர்களை வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததும் 60 ஆண்டு எண்ண வேண்டும். 61-ஆம் ஆண்டின் ஜனவரி 1-இல் நூல் பொதுவுடைமை. அரசு வெளியீடு என்றால் வெளியான ஆண்டிலிருந்து 60. வெளிநாட்டில் முதலில் வந்த நூலுக்கு அந்த நாட்டில் உரிமை முன்னதாகவே முடிந்திருந்தால், இங்கே அதைத் தாண்டி நீடிக்காது. மொழிபெயர்ப்பு தனி ஆக்கம். மூல ஆசிரியர் இறந்து நூறு வருடம் ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் கணக்கு தனி. ஃபாபரின் நூல்களை மொழிபெயர்த்த டெக்சீரா டி மாட்டோஸ் 1921-இல் இறந்தவர், கவலையில்லை. சமீபத்திய மொழிபெயர்ப்புகளைத் தொடக் கூடாது. படம் வரைந்தவர் கணக்கும் தனி. பர்ஜெஸ் இறந்தது 1965, அவருடைய பறவைப் புத்தகத்துக்குப் படம் வரைந்த ஃபுவெர்ட்டெஸ் இறந்தது 1927. இரண்டையும் பார்த்தாக வேண்டும். திருத்திய பதிப்புகளில் திருத்தியவரின் பங்கும் உண்டு. காம்ஸ்டாக் 1930-இல் இறந்தார். இன்று கடையில் விற்பது அவர் இறந்தபின் 1939-இல் திருத்தி வந்த பதிப்பின் மறுஅச்சு. நமக்கு வேண்டியது 1911.

இந்தக் கணக்கைத் தெரிந்த பெயர்களில் போட்டுப் பாருங்கள். ஜிம் கார்பெட் 1955-இல் இறந்தார், 2016 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பொதுவுடைமை. கென்னத் ஆண்டர்சன் 1974, ஆகவே 2034 முடியும் வரை உரிமை இருக்கிறது. சாலிம் அலி 1987, அதாவது 2047 வரை. மா. கிருஷ்ணன் 1996, அதாவது 2056 வரை. கடைசி மூவரின் நூல்களை வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப்-ஐ உங்கள் குழுவில் யாராவது போட்டால் நீக்கச் சொல்லுங்கள். அந்த நூல்களை விலை கொடுத்து வாங்குவதுதான் முறை. ‘ஆர்க்கைவில் கிடைக்கிறதே’ என்பது பதில் ஆகாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அந்த இணைய நூலகத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், இருப்பது உரிமைக்கு அத்தாட்சி இல்லை.

கடல் கடந்து இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் மூன்றிலும் 60 அல்ல, 70 ஆண்டு. டியூவர் 1957-இல் இறந்தவர். சென்னையில் தாராளமாக அச்சிடலாம், லண்டனில் பிரதி எடுத்து விநியோகிக்க 2027 முடிய வேண்டும். அமெரிக்காவில் கணக்கே வேறு: அக்காலத்து நூல்களுக்கு வெளியாகி 95 ஆண்டு. ஆக கார்பெட்டின் 1944 நூல் இங்கே சுதந்திரம், அங்கே இல்லை. குழுவில் பகிரும்போது எந்த நாட்டுக்குச் செல்லும் என்று எழுதிவிட்டால் ஒருவர் தலையும் உருளாது.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. விலங்கு, பூச்சி, மரம் பற்றிய கட்டுரைகள் இன்றும் வாசிக்கத் தகுந்தவை. கலைச்சொல் தேடுபவருக்குச் சுரங்கம். ஆனால் காசில்லாமல் படிக்கக் கிடைப்பதும் பொதுவுடைமையும் ஒன்றல்ல. அச்சிட்டு விநியோகிக்கும் முன் அந்தந்தப் பக்கத்தில் உள்ள உரிமைக் குறிப்பைப் பாருங்கள். பொதுவுடைமையான ஆங்கில நூலை நீங்களே தமிழாக்கலாம், யார் அனுமதியும் வேண்டாம். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு முந்தின இரவு இரண்டு பக்கம் நீங்கள் படித்துவிட்டு, மறுநாள் மரத்தடியில் வாயால் தமிழில் சொல்வதே போதும். எழுதிய மொழிபெயர்ப்பைவிட அது நன்றாகவே இருக்கும்.

கோப்பு விஷயத்துக்கு வருவோம். ஒரே நூல் நான்கு வடிவில் கிடைத்தால், எழுத்துக்குக் குட்டன்பெர்க் இபப் (மின்னூல் கோப்பு), படத்துக்குப் பல்லுயிர் மரபு நூலகம் (பிஎச்எல்) அல்லது ஆர்க்கைவ். குட்டன்பெர்க் பிரதியை மனிதர் வரிவரியாகச் சரிபார்த்திருப்பார்கள். ஆர்க்கைவ் தானாகவே உருவாக்கும் இபப்-ஐத் தவிர்த்துவிடுங்கள். இயந்திரம் படித்த எழுத்து அது; சாய்வெழுத்து அறிவியல் பெயர்கள் சிதைந்திருக்கும், படவிளக்கம் பத்திக்கு நடுவில் செருகியிருக்கும். ஆர்க்கைவ் பிடிஎஃப்-இல் வண்ணத் தகடுகள் (தனித் தாளில் அச்சான வண்ணப் படங்கள்) மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது பிடிஎஃப் சுருக்கத்தின் குறை. அதே பக்கத்தில் தனித்தனிப் பக்கப் படங்களாக ஜேபி2 தொகுப்பு இருக்கும். பெரிய கோப்புதான், ஆனால் மூலப் படம் அதில்தான். ஏ5 அளவில் தெளிவாக அச்சாக அகலத்தில் சுமார் 1750, உயரத்தில் 2480 பிக்சல் வேண்டும். பிஎச்எல்-இல் ஒவ்வொரு நூலுக்கும் உரிமை நிலை எழுதியிருப்பார்கள். ‘அனுமதியோடு மின்னாக்கியது’ என்று இருந்தால் அது பொதுவுடைமை இல்லை.

அச்சிடும்போது ஜெராக்ஸ் கடையில் நடக்கும் கூத்து எங்களுக்குத் தெரியும். வருடிய பக்கம் மஞ்சளாக இருக்கும், அப்படியே கொடுத்தால் பக்கம் முழுக்கச் சாம்பல் பூசி வரும், எழுத்து அமுங்கிவிடும். முதலில் சாம்பல்நிறமாக மாற்றி, பின்புலம் வெள்ளையாகும் வரை ஒளியையும் (பிரைட்னஸ்) முரணையும் (கான்ட்ராஸ்ட்) ஏற்றுங்கள். வண்ணத் தகடுகளை இதிலிருந்து பிரித்துவிட வேண்டும். அவற்றை 100 ஜிஎஸ்எம் தாளில் ஒருபக்கமாகத் தனியே எடுங்கள். எழுத்துப் பகுதிக்கு 75 ஜிஎஸ்எம் போதும். முழுப் புத்தகத்தையும் எடுக்காமல், ஒரு பருவத்துக்கு வேண்டிய 128 பக்கம் எடுங்கள். ஏ4 தாளை மடித்து ஏ5 ஆக்கினால் ஒரு தாளுக்கு நான்கு பக்கம், மொத்தம் 32 தாள். நான்கு நான்கு தாளாக மடித்தால் ஃபாரத்துக்கு (ஒன்றாக மடித்த தாள்கட்டுக்கு) பதினாறு பக்கம், எட்டு ஃபாரம். பிரிண்ட் அமைப்பில் ‘புக்லெட்’ தேர்ந்து, பேக் டு பேக் என்பதில் குறுகிய விளிம்பில் திரும்பும்படி வையுங்கள். நீள விளிம்பில் வைத்தால் பின்பக்கம் தலைகீழாக விழும். பத்துக்கு எட்டு தடவை கோளாறு இதுதான். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்து மடித்துப் பாருங்கள்.

ஒரு ஃபாரத்தைத் தைக்க மடிப்பில் மூன்று துளை போதும், தடித்த பருத்தி நூல். உள்பக்கத்திலிருந்து நடுத் துளை வழியாக வெளியே வாருங்கள். மேல் துளையில் உள்ளே போய், உள்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே வந்து, திரும்ப நடுத் துளையில் உள்ளே நுழையுங்கள். இரண்டு நுனியையும் அந்த நீள நூலை நடுவில் வைத்து முடிச்சிடுங்கள். ஆறு தாளுக்கு மேல் ஒன்றாக மடித்தால் உள்தாள்கள் பிதுங்கி நிற்கும். எட்டு ஃபாரத்தையும் சேர்த்து ஒரே புத்தகமாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஃபாரம் ஒரு உயிர் என்று தனித்தனியாக விட்டால் பையில் போட்டு வயலுக்கு எடுத்துப் போகலாம், நனைந்தால் அதை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஸ்பைரல் பைண்டிங் வெளியில் கொண்டுபோகத் தோதுப்படாது, கம்பி செடியில் மாட்டும்.

அச்சிடும் முன் எடுத்துவிட வேண்டிய பக்கங்கள் உண்டு. இதைப் பெரியவர் ஒருவர் செய்தே ஆக வேண்டும். அந்தக் காலத்து இயற்கை நூல்கள் பறவை முட்டை சேர்க்கச் சொல்லும், கூட்டைக் கழற்றிவரச் சொல்லும். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பூச்சி கொல்ல சயனைடு சீசா, தோலைப் பதப்படுத்த ஆர்செனிக் சோப்பு என்று செய்முறை வரும் பக்கங்களைப் பிரதியிலேயே சேர்க்காதீர்கள். பாம்புக்கடி பற்றிய பக்கங்கள் இன்னும் ஆபத்து. இறுக்கிக் கட்டு, கீறு, உறிஞ்சு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் தேய் என்று எழுதியிருக்கும். நான்குமே தவறு. கடிபட்டவரை அசையவிடாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே சரி. பாம்புகளைப் பற்றிய பழைய நூலில் படத்தை வைத்துக்கொண்டு, அந்த அத்தியாயத்தின் மேல் இந்த மூன்று வரியை ஒட்டிவிடுங்கள்.

காலாவதியான தகவலை அகற்ற வேண்டாம், பக்கத்தில் குறிப்பு எழுதினால் போதும். அது பாடத்தைச் செழிப்பாக்கும். பழைய இந்தியப் பறவை நூல்களில் பிணந்தின்னிக் கழுகு ஊருக்கு ஊர் காணும் சாதாரணப் பறவை. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் 1990-களில் அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. கால்நடைக்கு அந்த மருந்து 2006-இல் தடையானது. தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். பழைய வரியையும் புதிய குறிப்பையும் ஒன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அறிவியல் பெயர்களும் மாறியிருக்கும். செம்புழைச் சின்னான் பழைய நூலில் மோல்பாஸ்டஸ், இன்று பிக்னோனோட்டஸ் காஃபெர். பொன்முதுகு மரங்கொத்தி அன்று பிராக்கிப்டெர்னஸ், இன்று டைனோபியம். இரண்டையும் எழுதி வைத்தால் பிற்பாடு தேடும்போது கை கொடுக்கும்.

வெள்ளைக்கார ஆசிரியர்கள் நம் ஆட்களைப் பற்றி எழுதும் இடங்கள் இன்னொரு தலைவலி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வர்டு ஹாமில்டன் அய்ட்கனின் எழுத்தில் எறும்பும் பல்லியும் காகமும் கண்முன் நடமாடும். வீட்டு வேலைக்காரர்கள் வந்தால் அதே பேனா கேலியில் இறங்கிவிடும். பத்து வயதுக்குக் கீழ் என்றால் அந்தப் பத்திகளைத் தாண்டிவிடுங்கள். பெரிய பிள்ளை என்றால் காட்டி, எறும்பை இவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கு மனிதர் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம்.

குழு நிர்வாகிகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பழைய பட்டியலைக் குழுவின் மேலே ‘பின்’ செய்து வைத்திருப்பதை எடுத்துவிட்டு, ஒரு சாதாரண கூகுள் ஷீட் தொடங்குங்கள். நூலின் பெயர், முதல் பதிப்பு ஆண்டு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஓவியர் இறந்த ஆண்டுகள், எந்த நாட்டில் பகிரலாம், எந்த நிலப்பகுதியைப் பற்றியது, எந்த வயது, எடுத்துவிட வேண்டிய பக்க எண்கள், அதை வைத்து நம் ஊரில் பார்க்கக்கூடிய ஐந்து உயிர்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த நூலைச் சேர்க்காதீர்கள். ஒரு குடும்பம் ஆறு மாதத்துக்கு ஒரு நூலை இப்படி நிரப்பினால், இருபது குடும்பம் உள்ள குழுவுக்கு வருடத்தில் நாற்பது நூல் சேர்ந்துவிடும். மற்ற குழுக்களோடு அந்த ஷீட்டைத் திறந்தே வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய நூல்களை மின்னூலாக்கும் தன்னார்வலர்கள் சிலர்

பி.கு.: குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களைத் தேடிப்போகும் பயிற்சியைச் சில பெற்றோர் தொடங்கியிருப்பது நல்ல யோசனை. உ.வே.சா. 1942-இல் மறைந்தவர், ஆகவே 1889-இல் வந்த அவருடைய பத்துப்பாட்டுப் பதிப்பும் குறிப்புகளும் தடையில்லாமல் பயன்படுத்தலாம். எந்தப் பெயர் இன்றைய எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாதவை அதில் உண்டு, அனிச்சம் அப்படிப்பட்டது. அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். பட்டியலின் தொடக்கத்திலேயே வரும் காந்தளை மட்டும் தொட்டுப் பறிக்க விடாதீர்கள். செடி முழுக்க, கிழங்கில் மிக அதிகமாக, கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பார்த்து வரையட்டும், போட்டோ எடுக்கட்டும்.